‘ஒரிஜினல் லெதரா?’ இந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள்

டிசைனர் ஹேண்ட்பேக் வாங்கப் போகிறவர், பரிசாக வந்த பையை எடைபோடுகிறவர், பழையதை விற்கப் பார்க்கிறவர் எல்லோரும் எடுத்தவுடன் கேட்பது இதுதான்: ஒரிஜினல் லெதரா? ஆமாம் என்று பதில் வந்தால் விசாரணை அத்தோடு முடிந்தது. ஆனால் ரிப்பேருக்கு வரும் பைகளைப் பாருங்கள். தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கைப்பிடியின் ஓரப் பெயின்ட் வெடித்திருக்கும், அடிமூலை தேய்ந்து உள்ளிருக்கும் கயிறு வெளியே தெரியும், லைனிங் பிசுபிசுக்கும், கொக்கி ஒடிந்திருக்கும். தோலின் பெயரை விட, அது விலங்கின் உடம்பில் எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டது, எவ்வளவு சீவப்பட்டது, அதன் பின்னால் என்ன ஒட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் பையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கே தெரிந்த லூயி விட்டோன் மோனோகிராம் பைகளின் உடம்பு தோலே கிடையாது. 1896-இல் வந்த அந்த டிசைன் இன்று பருத்தித் துணியின் மேல் பி.வி.சி. பூசிய கேன்வாஸில் அச்சாகிறது. கைப்பிடி, ஓரப்பட்டை, டேக் இவை மட்டும்தான் தோல், அதுவும் மேற்பூச்சு எதுவும் இல்லாத, தாவரச் சாறில் பதனிட்ட மாட்டுத்தோல். அந்தப் பைகளில் வியர்வை பட்டுக் கறுப்பதும் மழைத்துளி பட்டுத் திட்டுத் திட்டாகிறதும் இந்தத் தோல் பகுதிதான். கேன்வாஸ் பாட்டுக்கு இருக்கும்.

‘ஜெனுயின் லெதர்’ முத்திரைக்கு வருவோம். பெரிய மாட்டுத்தோல் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும். மெஷினில் கிடைமட்டமாகப் பிளக்கும்போது மேலே கிடைப்பது கிரெயின், அதாவது தோலின் இயற்கையான மேற்புற ரேகை, உள்ள அடுக்கு. கீழே கிடைப்பது ஸ்ப்ளிட். ஸ்ப்ளிட்டில் இயற்கையான மேற்புறம் இல்லாததால் பி.யு. (பாலியூரித்தேன்) என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அதன் மேல் தோல் ரேகையை அச்சடிப்பார்கள். இரண்டின் மீதும் அதே முத்திரை குத்தலாம். ஐரோப்பியத் தர வரையறைப்படி மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே லெதர் என்று சொல்லக் கூடாது. கடையில் மைக்ரோமீட்டர் வைத்துக்கொண்டா நிற்க முடியும்? மடிப்பு விழும் இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல கிரெயினில் மெல்லிய சுருக்கங்கள் நிறைய விழும். தடித்த படலம் என்றால் ஒரே ஒரு பெரிய கோடு விழும். அந்தக் கோட்டில்தான் பின்னால் உரியும்.

அதற்காக ‘ஃபுல் கிரெயின் (மேற்புறத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்டது) மட்டும்தான் தோல்’ என்று சாமியாடவும் வேண்டாம். பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸின் டோகோ கன்றுத்தோலில் உள்ள சொரசொரப்பு இயற்கையானது; எப்சம் தோலில் உள்ளது அச்சு அழுத்தி வந்தது. இரண்டும் ஒரே கம்பெனியின் உயர்விலைப் பைகளில் வருகின்றன. எப்சம் எடை குறைவு, விறைப்பாக நிற்கும், கீறல் சட்டென்று தெரியாது. பிராடா பிரபலமாக்கிய சஃபியானோவும் குறுக்குக் கோடு அழுத்தி மேற்பூச்சு போட்டதுதான். மழையிலும் பஸ் கூட்டத்திலும் தினமும் அடிபடும் ஆபீஸ் பைக்கு மேற்பூச்சுள்ள அச்சுத்தோலே மேல் என்பேன். செம்மறிக்குட்டித் தோல் வெண்ணெயாக இருக்கும், ஆனால் அதன் கிரெயினுக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே கொழுப்பு நிறைய இருக்கும். பதனிடும்போது கொழுப்பு போன இடம் வெற்றிடமாகி, இரண்டு அடுக்கும் எளிதில் பிரியும், இழுத்தால் நீளும். 1955 பிப்ரவரியில் வந்த ஷனேல் 2.55 பையின் சாய்சதுரத் தையல் அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மெல்லிய தோலைப் பின்துணியோடு கட்டம் கட்டமாகப் பிடித்துவைத்து, அதை நீளவிடாமல் காப்பதும் அதே தையல்தான்.

பதனிடும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. குரோமியம் உப்பில் பதனிடும் குரோம் முறைக்கு 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிய ஆரம்பித்தது. இன்று உலகத் தோலில் பெரும்பகுதி குரோம்தான்: மென்மை, தண்ணீரைத் தாங்கும், நிறம் நன்றாகப் பிடிக்கும். தாவர முறையில் பதனிட்டது கெட்டியாக நிற்கும், ஓரத்தைத் தேய்த்தே பளபளப்பாக்கலாம், நாளாக ஆகக் கருக்கும். இத்தாலியில் பீசாவுக்குப் பக்கத்துச் சாந்தா குரோச்சே இதற்குப் பேர்போன ஊர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு மதராஸிலிருந்து கப்பலேறிய ‘ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர்’ நம் சரக்குதான், இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. பெயர் கேட்டால் வாணியம்பாடிக்காரர்களுக்கே சிலருக்குத் தெரியாது, அது வேறு வருத்தம்.

இனி உள்ளே போவோம். ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தளர்ந்திருக்கும். தலையிலிருந்து வால் நோக்கிய திசையில் குறைவாகவும், குறுக்கே அதிகமாகவும் நீளும். கைப்பிடியும் தோளில் மாட்டும் பட்டையும் முதுகுப் பகுதியில், நீளவாக்கில் வெட்டப்பட வேண்டும். வயிற்றுத் துண்டைப் பையின் உள்மடிப்புக்கோ சின்ன பாக்கெட்டுக்கோ வைத்துக்கொள்ளலாம். தோலை மிச்சம் பிடிக்க நினைக்கும் கட்டிங் மாஸ்டர் பட்டையைக் குறுக்கே வெட்டிவிட்டால், ஆறு மாதத்தில் ஒரு பட்டை இன்னொன்றை விட ஓர் அங்குலம் நீண்டு பை ஒருபக்கம் சாய்ந்து தொங்கும். எத்தனை உயர்ந்த தோலாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது.

பை விறைப்பாக நிற்பது தோலால் என்று நினைப்பது பெரிய தவறான எண்ணம். பையின் தோல் சராசரியாக 1 முதல் 1.4 மில்லிமீட்டர்தான், அது தானாக நிற்காது. பின்னால் தோல் தூளை லேடெக்ஸில் பிணைத்து அழுத்திய போர்டு, நெய்யாத துணி, ஃபோம், மைக்ரோஃபைபர் என்று ஏதாவது இருக்கும். எர்மேஸின் கெல்லி பையை எடுத்துக்கொள்ளுங்கள் (1956-இல் நடிகை கிரேஸ் கெல்லி கையில் லைஃப் பத்திரிகையில் வந்தது, பெயர் அதிகாரப்பூர்வமாக ஏறியது 1977-இல்). அது இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. செலியே முறையில் ஓரங்கள் வெளியே தெரியும்படி தைத்து, தேய்த்து, மெழுகிடுவார்கள். கூரான மூலை, நேர்க்கோட்டு உடம்பு. ரெத்தூர்னே முறையில் உட்புறமாகத் தைத்து, திருப்பிப்போட்டு, ஓரத்தில் பைப்பிங் (உள்ளே கயிறு வைத்து மடித்த தோல் விளிம்பு) வரும். மூலைகள் வளைந்து, பை கொஞ்சம் தளரும். ஒரே பெயர், ஒரே தோல், ஆனால் பயன்பாட்டில் இரண்டு வேறு பைகள். அந்த நிறுவனத்தில் ஒரு கைவினைஞர் ஒரு பையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வதால், எங்கே எவ்வளவு சீவினோம் என்பது ஒரே கையின் கணக்கில் நிற்கிறது.

மலிவாக முடிக்க நினைப்பவர்கள் போர்டுக்குப் பதில் அட்டையைச் செருகுவார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அட்டை ஊறி, காய்ந்து, ஊறி, ஒருநாள் குறுக்கே மடிந்துவிடும். வெளித்தோலில் நிரந்தரக் கோடு. பையின் அடிப்பக்கத்தை இரு கட்டைவிரலால் லேசாக வளையுங்கள். மொறுமொறுவென்று ஓசை வந்தால் அட்டை. ஓசையில்லாமல் வளைந்து திரும்பினால் போர்டோ பிளாஸ்டிக்கோ இருக்கிறது.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய இடம் அடிமூலைப் பைப்பிங். உள்ளே 2 அல்லது 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழலோ நூல்கயிறோ வைத்து, அதைச் சுற்றித் தோலை மடிப்பார்கள். மடிய வேண்டுமே என்று தோலை 0.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள் (ஸ்கைவிங்). அந்தக் கிரெயினும் ஏற்கெனவே இழுபட்டு இருக்கும். பையைக் கீழே வைத்தால் முதலில் தரையைத் தொடுவதும் அந்த மூலைதான். பார்க்க எடுப்பான இடம், ஆனால் பையிலேயே மெலிந்த தோல், அதிகமான உராய்வு. மெட்டல் பாதம் இருந்தால் அடிப்பக்கம் தப்பும். அவை நான்கு மூலைக்கும் நெருங்கி இருக்கின்றனவா, நடுவில் ஒதுங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் இருந்தால் மூலைக்குப் பயனில்லை. தேய ஆரம்பித்ததும் நிறம் பூசினால் பல மாதம் ஓட்டலாம். கயிறு தெரிந்த பின் பைப்பிங்கையே மாற்ற வேண்டும், அதற்குப் பையைப் பிரிக்க வேண்டும்.

கைப்பிடி இணையும் இடம் அடுத்தது. லேப்டாப் 1.5 கிலோ, தண்ணீர் பாட்டில் 1 கிலோ, டிபன் பாக்ஸ், சார்ஜர் என்று 4 கிலோ சாதாரணமாக ஏறும். நடக்கும்போது குலுங்கி இழுப்பது அதற்கும் மேல். ஒற்றைத் தோலில் நேரடியாகத் தைத்தால் துளைகள் நீண்டு, தபால்தலைத் தாள் கிழிவதுபோல் தையல் வரிசையோடு கிழியும். உள்ளே நைலான் டேப்போ இன்னொரு தோல்துண்டோ வைத்துத்தான் தைக்க வேண்டும். அங்குலத்துக்கு 7, 8 தையல் நல்ல கணக்கு. நெருக்கமாக 12 போட்டால் நேர்த்தியாகத் தெரியும், மெல்லிய தோலில் துளைகள் கூடி வலு குறையும். சேடில் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் நூல் போகும். ஓர் இழை அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் துளைக்குள் கொக்கி போட்டிருக்கும், ஒன்று அறுந்தால் வரிசையாகக் கழன்று வரும். ஆனாலும் பை முழுவதும் கைத்தையலுக்குக் காசு கொடுப்பது தேவையற்றது. நல்ல பாலியெஸ்டர் நூலும் சரியான இழுவிசையும் இருந்தால் மெஷின் தையல் தோலைவிட அதிக நாள் வாழும். கைப்பிடி அடியில் மட்டும் கைத்தையல் இருந்தால் அதுவே போதும்.

ஓரப் பெயின்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். முறையாகச் செய்தால்: இரண்டு மூன்று தோல் அடுக்குகளை ஒட்டி வெட்டி, உப்புத்தாளால் சமப்படுத்தி, முதல் பூச்சு, உலர்த்தல், மறுபடி தேய்த்தல் என்று மூன்று நான்கு முறை. அவசரத்தில் ஒரே தடித்த பூச்சு போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். வளையும் கைப்பிடியில் முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு பாளம் பாளமாக உரிதல். பழைய பூச்சின் மேலேயே புதிது பூசித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அடியோடு சுரண்டி எடுத்துவிட்டுப் பூசினால்தான் நிற்கும்.

உலோகத்துக்கு அதிகம் பேச வேண்டாம். காந்தம் ஒட்டினால் இரும்பு, துருப்பிடிக்கும். ஒட்டாததில் பித்தளையும் இருக்கலாம், துத்தநாகக் கலவையான ஸமாக்கும் இருக்கலாம். பித்தளை அதே அளவில் கனமாக இருக்கும். ஸமாக் அச்சில் வார்த்தது, ஓரத்தில் மெல்லிய இணைப்புக்கோடு தெரியக்கூடும், அடிபட்டால் வளையாமல் ஒடியும். தோளில் மாட்டும் பட்டையின் சுழல்கொக்கியில் ஸமாக் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக லைனிங். நம் கடலோர ஊர்களில் பையை முதலில் கொல்வது இதுதான். பி.யு. படலம் பூசிய லைனிங் ஈரக்காற்றில் வேதிமாற்றம் அடைந்து, முதலில் ஒட்டும், பிறகு தூளாகக் கொட்டும். பயன்படுத்தாமல் பீரோவில் பூட்டி வைத்தாலும் இதே கதிதான், பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் இன்னும் மோசம். ‘லெதர் பை, பத்திரமாக வைத்திருந்தேன்’ என்று புலம்புகிறவர்களின் பையில் தோல் நன்றாகத்தான் இருக்கும். உள்பாக்கெட்டைத் தடவும்போது ரப்பர்போல வழவழவென்று இருந்தால் பி.யு. என்று சந்தேகப்படலாம். பருத்தி, நைலான், ஆட்டுத்தோல் லைனிங் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. டால்கம் பவுடர் போட்டால் ஒட்டுவது ஒரு வாரம் நிற்கும், அவ்வளவுதான். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள்: மேற்பூச்சுள்ள தோலுக்குள் இறங்காது, பூச்சில்லாததில் கறையாகி நாறும். துணிப்பையில், வெள்ளைத்தாள் அடைத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். செய்தித்தாள் அடைத்தால் மை இறங்கும்.

லைனிங் மாற்றக் கொடுக்கும்போது வாய்ப்பகுதித் தையலைப் பிரித்து உள்ளுறையை முழுசாக எடுத்துத்தான் மாற்ற வேண்டும். ‘அப்படியே பழையது மாதிரியே போட்டுத் தருகிறேன்’ என்று சொன்னால் நிறுத்துங்கள். பழையது மாதிரி என்றால் மறுபடியும் பி.யு.தான் வரும். துணியை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நெருக்கமாக நெய்த பருத்தி ட்வில் போதும்.