மீன்பிடிப் படகின் கூரைக்கும் அந்தத் தட்டு வேண்டும்

2024 நவம்பரில் அந்தமான் பாரன் தீவுப் பக்கம் கடலோரக் காவல்படை ஒரு மியான்மர் படகைப் பிடித்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆறு டன் மெத் போதைப்பொருள். கூடவே ஒரு ஸ்டார்லிங்க் மினி, அதாவது சாட்டிலைட்டிலிருந்து நேராக இன்டர்நெட் வாங்குகிற ஒரு சின்னத் தட்டு. எல்லோரும் ஆறு டன்னைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணை உறுத்தியது. கடத்தல்காரன் கையில் இருக்கிறது. முறையாகப் பதிவு செய்து, லைசென்ஸ் வாங்கி, டோக்கன் போட்டுக் கடலுக்குப் போகிற நம்மூர்ப் படகில் இல்லை.

படகுகளுக்கு வயர்லெஸ், எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் பொருத்துவதுதான் எனக்குப் பிழைப்பு. அதனால் இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் சூடு அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆட்கள் கரையோரம் வலை விட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்கள் இல்லை. ஒரு தடவை போனால் மாதக்கணக்கில் தங்கல். லட்சத்தீவைத் தாண்டி, சில சமயம் இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கிற டீகோ கார்சியா தீவு வரைக்கும் போகிறார்கள். படகோட்டுகிற அறையான வீல்ஹவுஸில் இருக்கிற விஎச்எஃப் வயர்லெஸ் செட்டோ முப்பது கடல் மைல் தாண்டினாலே கரையோடு பேசாது. பிறகு ஒரு படகு இன்னொரு படகிடம் சொல்லி, அது அடுத்ததிடம் சொல்லி, அப்படித்தான் செய்தி நகரும். செட்டைக் கழற்றிப் பார்த்தால் கூரை ஆன்டெனாவின் கனெக்டர் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துப்போய் இருக்கும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். எச்சரிக்கை வருவதற்கு முன்பே போய்விட்ட படகுகளுக்கு அதைச் சொல்ல வழியே இல்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

சாட்டிலைட் இன்டர்நெட் ஒன்றும் கடலுக்குப் புதிதல்ல. கப்பல்களின் மேல் வெள்ளைக் குண்டாக ஒரு கூண்டு இருக்குமே, அதற்குள் ஒரு டிஷ் இருக்கிறது. கப்பல் ஆட ஆட, மோட்டாரும், ஆட்டத்தை உணர்கிற ஜைரோவும் சேர்ந்து அந்த டிஷ்ஷைச் சாட்டிலைட் பக்கமே திருப்பி வைத்திருக்கும். பல லட்சம் விலை, கனம் வேறு. சரக்குக் கப்பலுக்குச் சரி. அறுபது எழுபது அடிப் படகுக்கு?

நான் சொல்கிற தட்டு ஒரு தட்டை ஆன்டெனா; கற்றையைத் திருப்ப அதில் அசைகிற பாகமே தேவையில்லை. ஒரு போர்டில் நூற்றுக்கணக்கான, பெரிய தட்டு என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி ஆன்டெனாக்கள். 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். அதில் பாதி இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் அனுப்புகிற அலையை ஒரு துளி முன்னே, ஒரு துளி பின்னே என்று சிப் தள்ளிவிட்டால் மொத்தக் கற்றையும் வேறு பக்கம் சாய்ந்துவிடும். கரையிலிருந்து இழுக்கிற கரமடி வலையில் ஒரு பக்கத்துக் கயிற்றை முந்தி இழுத்தால் மடி சாய்கிற மாதிரிதான். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற சாட்டிலைட்டை, அலையில் புரள்கிற படகிலிருந்து துரத்திப் பிடிக்கவும், அது போனதும் அடுத்ததற்குத் தாவவும் இதனால்தான் முடிகிறது. ராணுவ ரேடார்காரர்கள் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த வித்தை. விலைதான் யாரையும் கிட்டே விடவில்லை.

விலை எப்படி இறங்கியது என்பதைத்தான் நம் அதிகாரிகள் உட்கார்ந்து படிக்க வேண்டும். 2020-இல் ஸ்டார்லிங்க் தன் தட்டை 499 டாலருக்கு விற்றபோது, அதைச் செய்ய அவர்களுக்கு ஆன செலவு கிட்டத்தட்ட 3,000 டாலர். நஷ்டத்துக்கு விற்று, எண்ணிக்கையைக் கூட்டி, அடுத்த வருடமே செலவைப் பாதியாக்கினார்கள். 2024-இல் வந்த மினி ஒரு கிலோ சொச்சம்தான் எடை; விலை 599 டாலர், அன்றைய கணக்கில் சுமார் ஐம்பதாயிரம் ரூபாய்.

இப்போது நம் கணக்கு. மத்திய அரசு ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பொருத்த 364 கோடி ரூபாய் ஒதுக்கியது. வகுத்துப் பாருங்கள், படகுக்கு 36,400 ரூபாய். அதில் குறுஞ்செய்தி போகும், வரும். ஆபத்து என்றால் பட்டனை அழுத்தலாம். நல்ல கருவி, வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். படகு கவிழ்கிற நேரத்தில் வானத்தைப் பார்க்க முடியாத தட்டு உதவாது. அந்தச் சின்னக் கருவி உதவலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற விலை வித்தியாசம் இவ்வளவுதானா என்று யாராவது கேட்டார்களா? புயலின் படத்தைப் பார்ப்பது, நெஞ்சுவலிக்காரனை டாக்டரிடம் வீடியோவில் காட்டுவது, ஹார்பரில் இன்றைய கேரை மீன் விலையைக் கேட்டுவிட்டுப் படகைத் திருப்புவது, இதெல்லாம் குறுஞ்செய்தியில் அடங்காது.

உண்மையில் உதைக்கிற இடம் மாதக் கட்டணம். 2022-இல் ஸ்டார்லிங்கின் கடல் சேவை மாதம் 5,000 டாலரில் தொடங்கியது. அடுத்த வருடமே 250 டாலருக்கு ஒரு திட்டம் வந்தது. போட்டி இருந்தால் இன்னும் இறங்கும். போட்டி எங்கிருந்து வரும்? பொதுவாக ஒரு கம்பெனியின் தட்டு இன்னொரு கம்பெனியின் சாட்டிலைட்டோடு பேசாதே! மானியம் கொடுத்து ஒரே கம்பெனியின் தட்டை ஆயிரக்கணக்கான படகுகளில் ஏற்றிவிட்டால், அப்புறம் அவர்கள் வைத்ததுதான் விலை. எந்தக் கடலில் சிக்னல் உண்டு, எதில் இல்லை என்பதும் அவர்கள் இஷ்டம்.

நமக்கு ஒரு இயற்கைச் சலுகை இருக்கிறது, யாரும் பேசக் காணோம். தட்டை ஆன்டெனா நேர் மேலே பார்க்கும்போதுதான் முழு பலம். அறுபது டிகிரி சாய்த்துப் பார்த்தால் பாதிதான். நிலநடுக்கோட்டுக்கு மேல் 36,000 கிலோமீட்டரில் நிற்கிற, இஸ்ரோவின் ஜிசாட் வகைச் சாட்டிலைட்டைப் பிடிக்க லண்டன்காரன் அவ்வளவு சாய்க்கத்தான் வேண்டும். கன்னியாகுமரி இருப்பதோ எட்டு டிகிரி அட்சரேகையில். 83 டிகிரி கிழக்கில் நிற்கிற சாட்டிலைட் நமக்கு உச்சந்தலைக்கு மேல். மறுபக்கம், ஸ்டார்லிங்கின் பெரும்பகுதிச் சாட்டிலைட்டுகள் 53 டிகிரி அட்சரேகை ஓரம்தான் நெருக்கமாக ஓடும். நம் கடலுக்கு மேல் அந்த நெருக்கம் இல்லை. உயரம் அதிகம் என்பதால் ஜிசாட்டுக்குத் தட்டு பெரிதாக வேண்டும், போய்வர அரை நொடி தாமதம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். படகில் உட்கார்ந்து யாரும் பங்குச்சந்தை வியாபாரம் பண்ணப்போவதில்லை.

"கடலுக்குப் போயும் ரீல்ஸ் பார்க்கணுமா?" என்று கேட்கிற கரைவாசிகளுக்கு: ஒரு மாதம் போனை அணைத்து வைத்துவிட்டு அப்புறம் வந்து பேசுங்கள்.

வெளிநாட்டுத் தட்டை அப்படியே வாங்கி மாட்டினாலும் ஆகாது. ஸ்டார்லிங்கின் முதல் தட்டு 50 டிகிரி செல்சியஸ் தொட்டதும் தானாக அணைந்துவிடும். 2021-இல் அரிசோனாக்காரர் ஒருவர் அதன்மேல் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தார். நம் வீல்ஹவுஸ் தகரக் கூரையில் ஏப்ரல் மதியம் கையை வைத்துப் பாருங்கள். மின்சாரம் விசைப்படகுக்குப் பிரச்சினை இல்லை, மினி இழுப்பது 25 முதல் 40 வாட்தான். ஃபைபர் வள்ளத்துக்கு அதுவே பெரிது. 100 வாட் சோலார் பேனல் போட்டாலும் இரவு பகலாக ஓட்ட முடியாது, வேளை பார்த்துப் போட்டு அணைக்க வேண்டியதுதான்.

சோதனைக்கு ஐம்பது படகு போதும். மேற்குக் கடலில் மீன்பிடித் தடை ஜூலை 31-இல் முடிகிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆகஸ்டில் கிளம்புகிற தூண்டில் படகுகளில் இரண்டு மூன்று கம்பெனித் தட்டுகளைக் கலந்து மாட்டி அனுப்பட்டும். டெண்டரில் உப்பும் வெயிலும் தாங்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சாட்டிலைட் சேவையோடு பேச வேண்டும் என்று இப்போதே எழுதிவிடட்டும். மாட்டிக் கொடுக்கிற கூலியை நான் கேட்கவில்லை, டீசல் காசு கொடுத்தால் போதும்.