சரணத்தைக் கேட்க விடுங்கள்

ஒரு பாடல் தொடங்கினால் அது முடியும் வரைக்கும் அதைத் தொடாமல் இருப்பது அவ்வளவு கடினமான காரியமா? பல்லவி முடிந்து, இடையிசை எழுந்து, வயலின்கள் ஒன்றுசேர்ந்து நம்மைச் சரணத்தின் வாசலுக்கு அழைத்துவரும் நொடி பார்த்து ஒரு விரல் வந்து பாட்டின் கழுத்தைத் திருகிவிடுகிறது. பஸ்ஸில் இதுதான், முச்சக்கரவண்டியில் இதுதான், கலியாண வீட்டிலும் இதுதான்.

கடந்த சனிக்கிழமை ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் சென்ற தனியார் பஸ் ஒன்றில் நடத்துனரின் கையடக்கத் தொலைபேசி, வண்டியின் ஒலிபெருக்கிகளோடு இணைக்கப்பட்டிருந்தது. தரிப்பிடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே பல பாடல்கள் பாதியில் மடிந்தன. கொட்டகலையில் ஒரு பழைய பாடல் தொடங்கியது. அதன் முகப்பிசை அவருக்கு நீளமாகப் பட்டிருக்க வேண்டும். திரையை விரலால் இழுத்து நேரே பல்லவிக்குப் போனார். பல்லவி ஒருமுறை ஒலித்தது, இரண்டாம் முறை ஒலிப்பதற்குள் வேறொரு பாடல் வந்தது, அதுவும் பிடிக்காமல் இன்னொன்று வந்தது. டெவன் பக்கத்து வளைவுகளில் சிக்னல் அறுந்து எல்லாமே நின்றுபோனது. சிக்னல் திரும்பியதும் முதலில் வந்தது விளம்பரம். அந்த விளம்பரத்தை மட்டும் அவர் கடைசி வரை ஓட விட்டார், ஏனென்றால் அதைத் தாண்டிச் செல்லத் தொலைபேசி அவரை அனுமதிக்கவில்லை.

சென் கிளயர் அருவி தெரியும் இடத்தில் அறுபதுகளின் பாடல் ஒன்று வந்தது. எனக்கு முன் இருக்கையில், தலையில் மப்ளர் சுற்றியிருந்த பெரியவர் ஒருவர் கம்பியில் தாளம் போடத் தொடங்கினார். பல்லவி முடிந்தது, இடையிசை முடியப் போனது, சரணத்தின் முதற்சொல்லுக்காக அவர் மூச்சை இழுத்தார். பாடல் மாறியது. ஆனால் இழுத்த மூச்சு மாறவில்லை. எங்கோ அலறிக்கொண்டிருந்த புதிய பாடலுக்கு மேலாக, அந்தச் சரணத்தின் முதலடியை அவர் தனியாகப் பாடிவிட்டு நிறுத்தினார். பஸ்ஸில் இருந்த சிலர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்கப்பட வேண்டியவர் அவரா?

"தம்பி, அந்தப் பாட்டையே கொஞ்சம் விடுங்களேன்" என்று அவர் கேட்டார். "எந்தப் பாட்டு தாத்தா?" என்றார் நடத்துனர். அரை நிமிடத்துக்கு முன் தன் கையாலேயே வைத்து, தன் கையாலேயே நிறுத்திய பாட்டு அவருக்கு நினைவில் இல்லை! பெரியவர் முதலடியைச் சொன்னார். தேடியபோது முதலில் ரீமிக்ஸ் வந்தது, அடுத்து யாரோ ஒரு பெண் பாடிய பதிப்பு, அதற்கடுத்து குரலே இல்லாத கரோக்கே, பிறகு ஸ்டேட்டஸுக்காக வெட்டப்பட்ட துண்டு. அசல் பாடல் அகப்பட்டபோது பஸ் தலவாக்கலையில் நின்றது. ஏறியவர்களிடம் பணம் வாங்கி முடிந்த பிறகு ஒரு விளம்பரம். விளம்பரம் முடிந்து முகப்பிசை எழுந்த போது நடத்துனருக்கு அழைப்பு வந்தது. அன்றைய வசூல் எவ்வளவு என்று முதலாளி கேட்டதைப் பஸ் முழுவதும் ஒலிபெருக்கியில் கேட்டது. அழைப்பு முடிந்ததும் தொலைபேசி தானாகவே வேறொரு பாடலுக்குப் போயிருந்தது. பெரியவர் லிந்துலையில் இறங்கிவிட்டார். அந்தச் சரணத்தை அவர் கேட்கவேயில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, ஒரு பாட்டையாவது முழுசா விடுங்க" என்றேன். "முழுசா எல்லாம் இப்ப யாரு சேர் கேக்குறா?" என்றார்.

நாங்கள் கேட்டோம்! தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் வானொலி இருந்தால் அந்த வரிசை முழுவதும் அதையே கேட்டது. இலங்கை வானொலியில் காலையில் பொங்கும் பூம்புனல் என்ற பாடல் நிகழ்ச்சி ஒலித்தபோது, பாடலுக்கு முன்பாகப் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் எல்லாம் சொல்லப்பட்டன, அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலில் அந்தப் பெயர்களைக் கேட்பதே ஒரு விருந்து. விரும்பிய பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள், அது ஒலிக்கும்போது அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒலிநாடாக்கள் வந்தன. 60 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், அதாவது ஆறு அல்லது ஏழு பாடல்கள். டவுனில் பாட்டுப் பதியும் கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பதற்கு முன் வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். பாட்டைத் தாண்டுவதற்கு நாடாவை வேகமாக ஓட்டினால் பற்றரி தீர்ந்துவிடும். மின்சாரம் இல்லாத லயங்களில் தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆகவே பிடிக்காத பாடலும் முழுதாக ஓடியது, ஓடி ஓடி அதுவும் பிடித்துப்போனது. எனக்கு மிக நெருக்கமான பாடல்கள் பல அந்த வழியில்தான் கிடைத்தன.

இன்றைக்கோ ஸ்பொட்டிஃபை என்ற பாடல் செயலியில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் கிடக்கின்றன. ஒன்று மூன்று நிமிடம் என்று வைத்தாலும், உறங்காமல் கேட்டு முடிக்க 570 ஆண்டுகள் வேண்டும். இவ்வளவும் ஒரு விரலடியில் இருக்கும்போது, ஒலித்துக்கொண்டிருக்கும் பாடல் எதுவாக இருந்தாலும் அடுத்தது இதைவிட நன்றாக இருக்கும் என்ற அரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் செயலியில் ஒரு பாடலை 30 விநாடி கேட்டாலே அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் நெடுங்காலம் 30 விநாடிதான் எல்லை. முப்பது விநாடியில் பல்லவியைக்கூட ஒழுங்காகப் பாடி முடிக்க முடியாது. சரணத்தைப் பற்றி யாருக்குக் கவலை? கவிஞர் கதையின் துயரத்தை இறக்கிவைப்பது சரணத்தில்தான், பாடகர் குரலை மேலே ஏற்றுவதும் அங்கேதான். இரண்டாம் சரணம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஒரு தலைமுறை நூற்றுக்கணக்கான பல்லவிகளை முணுமுணுத்துத் திரிகிறது.

பொறுமையாகக் கேட்பது நமக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடத்தும் தோட்டங்களில், மலையில் நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வந்த கால்களோடு, பனியில் நின்று, தப்பொலிக்கு நடுவே ரதி மதன் கதையை விடிய விடியக் கேட்ட மக்கள் நாம். இப்போது அங்கேயும் தொலைபேசிகள் உயர்கின்றன; ரதியின் புலம்பலில் ஒரு துண்டைப் படம்பிடித்ததும் பலர் கலைந்துவிடுகிறார்கள். பாடுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் பாட வேண்டியிருக்கிறது.

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். பாடலுக்கு ஐந்து நிமிடம் என்றால் முழுமையாக 24 பாடல்கள் கேட்கலாம். புதிய பாட்டா பழைய பாட்டா, குத்துப்பாட்டா தாலாட்டா என்று நான் விசாரிக்கவே மாட்டேன். நடத்துனர்த் தம்பிமாரே, டிக்கட் கொடுங்கள், மிச்சக் காசைக் கொடுங்கள், ஒரு பாட்டை வையுங்கள். வைத்துவிட்டு அந்தத் தொலைபேசியைச் சட்டைப் பையில் போடுங்கள்.