ஆறு எபிசோடை ஒட்டினா படமாயிடுமா?

(மாலை 5 மணி. டீக்கடை. பாய்லர் முன்னால் மாஸ்டர் மாரியப்பன். பெஞ்சில் கல்யாண வீடியோ எடிட்டர் செந்தில்.)

மாஸ்டர்: சுகர் உண்டா தம்பி?

செந்தில்: எனக்கு இல்லண்ணே, அப்பாவுக்குத்தான்.

மாஸ்டர்: டீக்குக் கேட்டேன்யா! சரி, ஒரு விஷயம். என் மச்சினன் சிரிப்புத் தொடர் எடுத்திருக்கான். ஆறு எபிசோட், ஒவ்வொண்ணும் 20 நிமிஷம். ஆறையும் ஒட்டினா ரெண்டு மணி நேரப் படம். ஒட்டுக்கூலி எவ்வளவு வாங்குவே?

செந்தில்: ஒட்டத்தான் வேணும்னா எதுத்தாப்புல பஞ்சர் கடை இருக்குண்ணே.

மாஸ்டர்: ஏன், டிவியில வந்தது படமா வந்ததே இல்லையா?

செந்தில்: நிறைய வந்திருக்கு. ஆறு எபிசோட்லயே ஊத்தி மூடின ஒரு தொடர் சினிமாவாகி மூணு பாகம் ஓடியிருக்கு. அமெரிக்காவுல, 1982. ஏ.பி.சி. சேனல். ‘போலீஸ் ஸ்க்வாட்!’னு பேரு, போலீஸ் தொடர்களைக் கிண்டல் பண்ற தொடர். ஜூக்கர் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஜிம் ஆப்ரஹாம்ஸும் சேர்ந்து எடுத்தது. நாலு எபிசோட் போட்டதுமே நிறுத்திட்டாங்க. மிச்சம் ரெண்டை அப்புறமா கோடையில போட்டுக் கணக்கைத் தீர்த்தாங்க.

மாஸ்டர்: சிரிப்பு வரலையோ?

செந்தில்: வந்துச்சு. ஆனா கவனிச்சுப் பார்த்தாத்தான் ரசிக்க முடியுதுன்னு சேனல் தலைவரே காரணம் சொன்னாரு.

மாஸ்டர்: டிவியைப் பார்க்கணும்னு சொன்னது ஒரு குத்தமா?

செந்தில்: பெரிய குத்தம்ணே. வீட்டுல டிவி ஓடும், அம்மா கீரை ஆயும், புள்ளை வீட்டுப்பாடம் எழுதும். வசனம் காதுல விழுந்தா போதும், கூடவே சிரிப்புச் சத்தமும் போட்டு ‘இங்க சிரி’ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. இதுல சிரிப்புச் சத்தமே கிடையாது. பாதி ஜோக் பின்னாடி மூலையில நடக்கும். எபிசோட் பேரு எழுத்துல ஒண்ணு வரும், குரல் வேற ஒண்ணு படிக்கும். சிறப்புத் தோற்றம்னு ஒரு பெரிய நடிகர் பேரைப் போட்டு, அந்த இடத்துலயே ஆளைக் கொன்னுடுவாங்க.

மாஸ்டர்: நல்லதுதான், மறுநாள் பேட்டா மிச்சம்.

செந்தில்: ஹீரோ டிரெபின் காரை நிறுத்தும்போதெல்லாம் குப்பைத்தொட்டியில மோதுவாரு. முதல் எபிசோட்ல ஒரு தொட்டி, ரெண்டாவதுல ரெண்டு.

மாஸ்டர்: ஆறாவதுல?

செந்தில்: ஆறு.

மாஸ்டர்: ஏழாவதுல?

செந்தில்: ஏழாவது இல்லண்ணே. நிறுத்திட்டாங்க.

மாஸ்டர்: தொட்டி தீர்ந்துபோச்சா?

செந்தில்: கீரை ஆயுற அம்மா தொட்டியை எண்ணுமா, சொல்லுங்க! அதே ஆளுங்க 1988-ல ‘தி நேக்கட் கன்’னு படமா எடுத்தாங்க. டைரக்‌ஷன் டேவிட் ஜூக்கர். தொடர்ல டிரெபினா நடிச்ச அதே லெஸ்லி நீல்சன், அதே டிரெபின், அதே மாதிரி ஜோக்கு. அமெரிக்காவுல மட்டும் 7 கோடி 80 லட்சம் டாலர் வசூல். தியேட்டர்ல விளக்கை அணைச்சுட்டா வேற எங்க பார்ப்பான்? பக்கத்து சீட்டுக்காரன் சிரிக்கிறதுதான் சிரிப்புச் சத்தம்.

மாஸ்டர்: அப்ப என் மச்சினனும் விளக்கை அணைச்சா போதும்.

செந்தில்: போதாது. தொடர்ல ஒவ்வொரு எபிசோடும் தனிக் கேஸு. படத்துக்கு ஒரே கேஸு. எலிசபெத் ராணி லாஸ் ஏஞ்சலிஸ் வர்றாங்க, பேஸ்பால் மேட்ச்ல வச்சு அவங்களைக் கொல்லத் திட்டம். இப்ப ஜோக்கு எங்க வேணா சுத்தலாம், ராணி வந்துட்டே இருக்காங்க. கூடவே ஒரு காதல். அதுலதான் ஆளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். விடாம சிரிக்க வச்சா 40 நிமிஷத்துல தாடை வலிச்சு எந்திரிச்சுப் போயிடுவான். மொத்தப் படமே 85 நிமிஷந்தான். உங்க மச்சினன் ரெண்டு மணி நேரம் கேக்குறாரு.

மாஸ்டர்: இடைவேளையில போண்டா வித்தாகணுமே.

செந்தில்: ‘இட்ஸ் பேட்’னு 1994-ல ஒரு படம். டிவியில அஞ்சு நிமிஷத் துணுக்கா வந்த ‘பேட்’டுங்கிற பாத்திரம், ஆணா பொண்ணான்னு யாருக்கும் தெரியாது. ஜோக்கே அவ்வளவுதான். அதை 77 நிமிஷம் இழுத்தாங்க. அமெரிக்கா முழுக்க வசூல் 61 ஆயிரம் டாலரைத் தொடல.

மாஸ்டர்: கடைசியில ஆணா பொண்ணா?

செந்தில்: அதைக் கேட்கத் தியேட்டர்ல ஆளே இல்லண்ணே.

மாஸ்டர்: மிஸ்டர் பீன் ஓடிச்சே?

செந்தில்: 1997-ல வந்த ‘பீன்’. அதுல நல்ல பாடம் இருக்கு. டிவியில பீன் வான்கோழிக்குள்ள தலையை விட்டாருன்னா, அந்தத் துணுக்கோட அது சரி. படத்துல ஒரு தப்பு அடுத்த தப்பைப் பெத்துப் போடும். ஓவியத்து மேல தும்முவாரு. கைக்குட்டையால துடைப்பாரு, அதுல பேனா மை. மையை அழிக்க தின்னர் போடுவாரு, முகமே கரைஞ்சு போயிடும். முகத்தை அவரே வரைவாரு. கடைசியில அச்சடிச்ச போஸ்டரைச் சட்டத்துல மாட்டி, முட்டை வெள்ளையும் நெயில் பாலிஷும் பூசி ஒரிஜினல் ஆக்குவாரு.

மாஸ்டர்: நெயில் பாலிஷ் எந்தக் கலரு?

செந்தில்: அண்ணே! கூடவே ஒரு குடும்பஸ்தனை வச்சாங்க பாருங்க, அவன் வேலை போற நிலைமைக்கு வரும், பொண்டாட்டி புள்ளை கிளம்பிப் போகும். அவன் அழுதாத்தான் நமக்குச் சிரிப்பு. உங்க மச்சினன் தொடர்ல யார் அழுவாங்க?

மாஸ்டர்: பணம் போடுற நான்தான்.

செந்தில்: இன்னொண்ணு. தியேட்டர்ல பெரிய சிரிப்பு வந்தா அடுத்த வசனம் காதுல விழாது. ரெண்டு செகண்ட் இடம் விடணும். ஆனா கூட்டம் இல்லாத காட்சியில அந்த ரெண்டு செகண்ட் சாவு வீடு மாதிரி இருக்கும். அதனால அந்த இடத்துல வசனம் இல்லாம பின்னாடி ஒரு சின்னக் கூத்தை ஓட விடலாம். சிரிச்சவனுக்கு நஷ்டமில்ல, சிரிக்காதவனுக்கு இன்னொரு வாய்ப்பு. அதையும் படப்பிடிப்புலயே எடுத்து வச்சாத்தான் எனக்கு எடிட்டிங்ல கிடைக்கும்.

மாஸ்டர்: நடிகனுங்க மட்டும் பிரமாதம் தம்பி. வசனத்துக்கு முன்னாடியே சிரிச்சுடுவானுங்க.

செந்தில்: போச்சு! நீல்சன் 1956-லயே விண்வெளிப் படத்துல கம்பீரமான கேப்டன். ஜோக்குன்னே தெரியாத முகம். தொடர்ல சிகரெட்டை நீட்டி “சிகரெட்?”னு கேப்பாங்க. எதிராளி பார்த்துட்டு “ஆமா, தெரியுது”ம்பான். ரெண்டு பேரும் சிரிக்க மாட்டாங்க. பின்னணி இசைகூட நிஜக் கொலைக் கேஸு மாதிரிதான் போகும்.

மாஸ்டர்: முடிவாவது நான் வைக்கிறேன். எல்லாரும் சிரிக்கிற மாதிரி அப்படியே படத்தை உறைய விட்டுடலாம்.

செந்தில்: அதையும் கிண்டல் பண்ணிட்டாங்கண்ணே. அந்தத் தொடர்ல படம் உறையாது, நடிகர்கள்தான் ஆடாம அசையாம நிப்பாங்க. ஊத்தின காபி கோப்பையில நிரம்பி வழியும். கைதி சுத்திமுத்திப் பார்த்துட்டு தப்பிக்க வழி தேடுவான்.

மாஸ்டர் (டபராவை உயரத் தூக்கி டீ ஆற்றியபடி): எப்படி, இப்படியா?

செந்தில் (வாயைப் பிளந்து): அதேதான்.

(இருவரும் சிலையாக நிற்கிறார்கள். டீ கிளாஸில் நிரம்பி, மேஜையில் வழிந்து, செந்தில் பேன்ட்டில் சொட்டுகிறது. யாரும் அசையவில்லை. பெஞ்சின் கடைசியில் இருந்தவர் எழுந்து, இருவர் முகத்துக்கும் முன்னால் கையை ஆட்டிப் பார்க்கிறார். தட்டிலிருந்து நாலு வடையை எடுத்துப் பேப்பரில் சுற்றுகிறார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சட்னியையும் எடுத்துக்கொண்டு போகிறார். மாஸ்டரின் கண் மட்டும் அவர் பின்னாலேயே போகிறது.)