நாங்கள் மூவரும் ஒரே பிரிவில்

போல் டான்ஸ் எனப்படும் கம்ப நடனப் போட்டிக்கு நாங்கள் மூன்று தோழிகளும் ஒரே பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம் என்று சொன்னபோது, கேட்டவர்கள் அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே எச்சரிக்கையைத்தான் தந்தார்கள். பழகியவர்கள் எதிரெதிரே நிற்கக் கூடாது, மனக்கசப்புதான் மிஞ்சும், அவ்வளவு ஆசையாக இருந்தால் இருவர் சேர்ந்து ஆடும் ஜோடிப் பிரிவில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். போட்டி முடிந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. எங்களில் இளையவள் இரண்டாம் இடம் பெற்றாள். இன்னொருத்தி நடுவில் வந்தாள். நான் கடைசிக்கு முந்தைய இடத்தில் நின்றேன். இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்: வருமானத்துக்காக அல்லாமல் ஆசைக்காகக் கம்பம் ஏறும் எங்களைப் போன்றவர்கள் போட்டிக்குப் போவதென்றால், தோழிகளோடு, அதுவும் அதே பிரிவில் போவதுதான் நல்லது. நம்முடைய ஆட்டத்திலிருந்து எதை வெட்டி எறிய வேண்டும் என்பதை நம் முகத்துக்கு நேராகச் சொல்ல அவர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

போல் டான்ஸ் என்றவுடன் பலருக்கு முதலில் உறுத்துவது உடையின் அளவு. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். போட்டிகளில் பெரும்பாலும் நிறுத்தப்படுவது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான உலோகக் குழாய். அதில் ஓர் உடலைத் தாங்கி நிறுத்துவது தோலுக்கும் உலோகத்துக்கும் இடையிலான உராய்வுதான். முழங்கால் மடிப்பு, உள்தொடை, அக்குள், இடுப்பின் பக்கவாட்டு மடிப்பு ஆகியவைதாம் எங்கள் கொக்கிகள். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு கம்பத்தில் உட்கார முயன்றால், உட்கார்ந்த வேகத்திலேயே தரைக்கு வந்துவிடுவோம். முந்தைய நாளே உடலில் லோஷன் தடவுவதை நிறுத்திவிட வேண்டும். ஒருவர் ஆடி முடித்ததும் அடுத்தவர் வருவதற்குள் கம்பத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் உள்தொடையில் கன்றிப்போன நீலத் தழும்புகள் இல்லாத மாதம் என்று எங்களுக்கு ஒன்று இருந்ததில்லை.

உடையைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் எங்கள் வட்டத்தில் சிலர் உடனே நம் பழைய உடற்கலையான மல்லர் கம்பத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். மல்லர் கம்பம் பெருமைக்குரிய கலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது தடித்த மரக்கம்பம், அதற்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள்; எங்கள் கம்பத்தில் எண்ணெய் பட்டால் அன்றைய பயிற்சியே நின்றுபோகும். நாங்கள் பழகும் அசைவுகளில் பெரும்பகுதியை இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்த பெண்கள்தாம் உருவாக்கி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். சர்வதேசக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பு 2009இல் அமைந்ததும், முதல் உலகப் போட்டி 2012இல் லண்டனில் நடந்ததும், 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்ததும் பின்னால் வந்து சேர்ந்த மரியாதைகள். அந்தப் பெண்களை மறைத்துவிட்டு மல்லர்களை முன்னால் நிறுத்துவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. இது தனிப் பதிவுக்கான சண்டை, இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து மேடை ஏறும் நாள்வரை எங்களுக்குப் பதினான்கு வாரங்கள் இருந்தன. மூன்று நிமிட ஆட்டம். நிலையான கம்பம் ஒன்று, சுழலும் கம்பம் ஒன்று, இரண்டிலும் ஆடியாக வேண்டும். மூன்று நிமிடம் என்பது பாட்டாகக் கேட்கும்போது சட்டென்று முடிந்துவிடும். கம்பத்தில் தொங்கும்போதோ இரண்டாம் நிமிடம் பிறப்பதற்குள் முன்னங்கை இறுகி, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிடும். எங்கள் பயிற்சிக் கூடத்துக் கம்பம் மூன்று மீட்டருக்கும் குறைவு. சர்வதேச விதிப்படி போட்டிக் கம்பம் 4 மீட்டர் இருக்க வேண்டும், எங்கள் மேடையிலும் ஏறக்குறைய அதே உயரம்தான் என்று அறிவித்திருந்தார்கள். கூடத்தில் இரண்டே ஏற்றத்தில் உச்சியைத் தொட்டுப் பழகியவர்களுக்கு அங்கே மூன்றாவது ஏற்றம் ஒன்று தேவைப்படும். அந்த ஒரு ஏற்றத்துக்கான மூச்சையும் இசையில் அதற்கான இடத்தையும் எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே எங்களுக்கு இரண்டு வாரங்கள் போயின. சுழலும் கம்பம் வேறு வகையில் படுத்தியது. உடலை ஒடுக்கினால் வேகம் கூடும், கைகால்களை விரித்தால் குறையும். பதற்றத்தில் உடல் தானாகவே ஒடுங்கிக்கொள்ளும் என்பதால், மேடையில் எல்லாருமே கூடத்தில் சுழல்வதைவிட வேகமாகத்தான் சுழல்கிறார்கள். அதற்காகவே இளையவள் எங்களை வேண்டுமென்றே வேகமாகச் சுற்றிவிட்டு, கம்பத்தைப் பற்றிய கையின்மேல் மட்டும் பார்வையை வைக்கச் சொல்லிப் பழக்கினாள். முதல் நாள் நான் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் தோற்ற கதைக்கு வருகிறேன். ஆயிஷா என்றொரு நிலை இருக்கிறது. தலைகீழாக, இரண்டு கைகளால் மட்டுமே கம்பத்தைப் பற்றியபடி, கால்கள் இரண்டையும் கம்பத்தை விட்டு எடுத்து அகல விரித்து நிற்பது. ஒரு முழங்கால் மடிப்பில் தொங்கிக்கொண்டு, கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, கீழ்க் கையால் கம்பத்தைத் தள்ளி, மேல் கையால் இழுத்து, சமநிலை கிடைத்த நொடியில் அந்த முழங்காலையும் விடுவிக்க வேண்டும். அந்த விடுவிப்புக்காகத்தான் நான் மூன்று ஆண்டுகள் இந்தக் கூடத்துக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதை ஆட்டத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் வைத்திருந்தேன். அதாவது கை மிகவும் களைத்திருக்கும் இடத்தில். எங்களுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர் மிக நல்லவர், ஆனால் அவருக்கு எங்களைப்போல் பலர் இருக்கிறார்கள். மாணவி ஒருத்தி மேடையில் ஆயிஷா செய்கிறாள் என்பது அவருக்கும் மகிழ்ச்சியான செய்திதான். பயிற்சியைப் பார்க்க வந்த மற்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். இந்த இரண்டு தோழிகள் மட்டும் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். முழு ஆட்டத்தையும் ஆடி, களைத்த பிறகு நான் செய்த இருபது முயற்சிகளில் பதினொன்று நின்றது, ஒன்பது நிற்கவில்லை. கூடத்தில் அந்த ஒன்பதிலும் கீழே தடித்த மெத்தை இருந்தது, பக்கத்தில் நின்று என் தோளுக்கும் கழுத்துக்கும் கை கொடுக்க ஆள் இருந்தது. மேடையில் இரண்டும் கிடையாது.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது இளையவள் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அக்கா, அதை எடுத்துடுங்க" என்றாள். நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "எனக்கு அது வந்துட்டா உன்னை முந்திடுவேன்னு பயமா?" என்று கேட்டுவிட்டேன். கையில் பூசியிருந்த சாக் பொடியைத் தட்டிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஆமான்னே வச்சுக்கங்கக்கா. அப்பவும் எடுத்துடுங்க."

எச்சரித்த நண்பர்கள் குறிப்பிட்ட கசப்பு இதுதான் என்றால், ஆம், அது இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், என்னோடு போட்டியிடாத ஒரு தோழி அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்? என் மனம் நோகக் கூடாது என்று, "உங்களால் முடியும், தைரியமாகச் செய்யுங்கள்" என்றிருப்பாள். மதிப்பெண் விதிகளை வரிவரியாகப் படித்திருக்க அவளுக்குத் தேவையே இருந்திருக்காது. நிலை ஒன்றை இரண்டு நொடியாவது நிறுத்திக் காட்டாவிட்டால் சர்வதேச விதிப்படி அதற்கு மதிப்பே இல்லை என்பதும், வழுக்கினால் கழிப்பார்கள், வியர்த்த கையை உடையில் துடைத்தாலும் கழிப்பார்கள் என்பதும் அதே பயத்தோடு அதே பிரிவில் நிற்கிறவளுக்குத்தான் தூக்கத்திலும் நினைவிருக்கும். என்மேல் பாசம் உள்ளவளும் என்னைத் தோற்கடிக்க விரும்புகிறவளும் ஒரே ஆளாக இருந்ததால்தான் அந்த நோட்டு என் முன்னால் வந்தது.

நான் எடுக்கவில்லை. மேடையில் முழங்காலை விடுவித்த மறுகணமே மேல் கை ஒரு சாண் அளவுக்குச் சறுக்கியது. தோலும் உலோகமும் உரசிய அந்தக் கீச்சொலி முன்வரிசைவரை கேட்டிருக்கும். இருபது முறை பழகியதில் கால் தானாகத் திரும்பி வந்து கம்பத்தைக் கொக்கி போட்டுக்கொண்டது. அதனால் தலை தப்பியது. இறங்கி நின்றவள், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், வலது கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டேன். நடுவர்கள் மூவரும் பார்த்திருந்தார்கள்.

இளையவளின் ஆட்டத்தில் கடினமான நிலை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவள் போகும் வழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பத்தில் உட்கார்ந்தவள் எப்போது சாய்ந்தாள், எப்போது திரும்பினாள் என்று தெரியாமலே அடுத்ததில் இருந்தாள். பாதம் கடைசிவரை நீட்டியபடியே இருந்தது. அவள் பெயரை இரண்டாம் இடத்துக்கு அறிவித்தபோது என் கைதட்டல் ஒரு நொடி தாமதமாகத்தான் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் அதைக் கவனித்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சில போட்டிகளில் தொடக்கநிலைப் பிரிவுகளில் தலைகீழ் நிலைகளில் சிலவற்றுக்கோ பலவற்றுக்கோ தடை வைத்திருக்கிறார்கள். அது எங்களைக் குறைத்து மதிப்பிடுவதாக முன்பு வாதிட்டவள் நான்; இப்போது அந்தத் தடையை ஆதரிக்கிறேன். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு வாரத்துக்கு மூன்று மாலை மட்டும் பழகுகிறவர்களின் தோள்மூட்டு, மேடை விளக்கின்கீழ் கிடைக்கும் ஒரு நொடிப் பெருமைக்காக எதையும் செய்யத் துணிந்துவிடும். எல்லாரிடமும் நோட்டோடு வந்து நிற்கும் தோழிகள் இருக்க மாட்டார்கள்.

மதிப்பெண் தாள்கள் வந்த அன்று கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒருவர் தாளை இன்னொருவர் படித்தோம். என் தாளில் ஒரு நடுவர் "விரல்நுனி" என்று மூன்று இடங்களில் எழுதி, மூன்றாவதன்கீழ் கோடும் போட்டிருந்தார். நடுவில் வந்தவள் தாளில் அவள் எப்போதும் வலப்பக்கமாகவே ஏறுகிறாள், வலப்பக்கமாகவே சுழல்கிறாள் என்ற குறிப்பு இருந்தது. அதைப் படித்த இளையவள் சிரிக்க ஆரம்பித்து, தன் தாளை நீட்டினாள். அதிலும் அதே குறிப்பு. என்னுடையதைத் திருப்பிப் பார்த்தோம், பின்பக்கத்தில் அதுவே இருந்தது.

எனவே இந்த வாரம் மூவரும் இடப்பக்கம் தொடங்கியிருக்கிறோம். நோட்டில் புதுப் பக்கம் புரட்டியாகிவிட்டது. மூவரில் ஒருத்திக்குக்கூட இடது முழங்கால் மடிப்பில் கம்பம் இன்னும் நிற்கவில்லை.