கண்மாயில் கட்லா மட்டும்தான் மீனா?

மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் என்கிற பாசனக் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமைக்கான ஏலம், வந்தால் ஊரில் வேறு பேச்சே கிடையாது. எந்தக் கண்மாய் எவ்வளவுக்குப் போச்சு, யார் எடுத்தார், கட்லா ரோகுக் குஞ்சு எத்தனை ஆயிரம் விடப்போகிறார், இதுதான். அந்தக் கண்மாயில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கோபம்.

அயிரை இருக்கிறது, கெளுத்தி, குறவை, உளுவை, விரால், பொடிக்கெண்டை எல்லாம் இருக்கிறது. பாசன வயலில் நத்தையும் நண்டும். கரையோரம் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை, தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் கொட்டிக்கிழங்கு, அல்லிக்கிழங்கு. இதையெல்லாம் யாரும் விதைக்கவில்லை, தீவனம் போட்டு வளர்க்கவும் இல்லை. கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் காசில்லாத நாளிலும் குழம்பு கொதித்தது இவற்றால்தான். ஏலத் தொகையில் இதற்கு ஒரு ரூபாய் மதிப்புகூடக் கிடையாது.

கட்லா மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்துக் கெண்டை மீன்கள், தேங்கின தண்ணீரில் தானாக முட்டையிடாது. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அது நடந்த ஜூலை 10-ஐத்தான் இன்றைக்கும் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கடலிலிருந்து நூறு மைல் தள்ளி இருக்கிற சந்தையிலும் மலிவாக மீன் கிடைப்பதற்கு அவர் வேலை பெரிய காரணம். அதை மறுக்க முடியாது.

குஞ்சு விடுவதற்கு முன்னால் செய்கிற வேலைதான் பிரச்சினை. குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிட்டு, இருக்கிற நாட்டு மீனையெல்லாம் கொன்று எடுத்துவிடு, இல்லாவிட்டால் தீவனத்தைத் தின்றுவிடும், குஞ்சைத் தின்றுவிடும் என்று பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். குத்தகை முடிகிற நேரத்திலோ, மோட்டார் வைத்து மிச்சத் தண்ணீரையும் இறைத்து அடிச்சேறு வரை அரித்து எடுத்துவிடுகிறார்கள். சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டுகிற விராலுக்கு அதற்கப்புறம் எந்த இடம்? ஐப்பசியில் புதுத் தண்ணீர் வரும்போது அதை எதிர்த்து வயலுக்குள் ஏறி முட்டையிடத் தாய்மீன் வேண்டாமா? அப்படியே தப்பிப் பிழைத்து ஏறினாலும் வயலில் பூச்சிமருந்து. போதாததற்கு, தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். அது வெள்ளத்தில் தப்பிக் கண்மாய்க்குள் வந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கிவிடும்.

வங்கதேசத்திலும் இதே கதைதான் நடந்தது. அங்கே மோலா என்று விரல் நீளத்துக்கு ஒரு பொடிமீன். கெண்டை வளர்க்கிறவர்கள் அதையும் மருந்து போட்டுத்தான் அழித்தார்கள். சகுந்தலா தில்ஸ்டெட் என்ற சத்துணவு ஆய்வாளர் அந்த மீனைச் சோதித்துப் பார்த்தால், வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது, அதுவும் பெரும்பகுதி கண்ணிலும் குடலிலும். தலையோடு முள்ளோடு முழுசாகத் தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. பெரிய மீனைத் துண்டு போட்டால் தலை ஒருத்தருக்கு, நடுத்துண்டு ஒருத்தருக்கு, கடைசியில் அம்மாவுக்கு வெறும் குழம்புதான். பொடிமீன் என்றால் ஒரு கரண்டியில் எல்லார் தட்டுக்கும் வரும். கெண்டையோடு மோலாவையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள், கெண்டை விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. 2021-இல் தில்ஸ்டெட்டுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

நம் அயிரையும் தலையோடு முழுசாகச் சட்டியில் விழுகிற மீன்தானே. ஒரு காலத்தில் வடிகாலில் துணியை விரித்துப் பிடித்தது, இன்றைக்கு மதுரையில் உயிரோடு கிலோ ஆயிரத்துக்கு மேல். ஏழை வீட்டுச் சட்டியிலிருந்து கிளம்பி மெஸ்ஸில் விருந்துச் சாப்பாடு ஆகிவிட்டது. சிலர் இதை அயிரைக்குக் கிடைத்த பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி பக்கம் இன்னும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. தண்ணீர் வற்றினதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார், ஊத்தா, கச்சா, பரி என்று மீன் பிடிக்கிற கூடையும் வலையுமாகச் சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் ஆக்கித் தின்ன வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாச் சாதிக்கும் கரை ஒன்றுபோலத் திறந்திருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் கரையில் குத்தகைக்காரர் ஆள் தடியோடு நிற்பது மட்டும் என்ன நியாயம்?

தூர்வாருதல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், திட்டு விழும் என்று தெரியும். வண்டல் எடுக்கட்டும், சீமைக்கருவேலத்தைப் பிடுங்கட்டும். ஆனால் ஜேசிபியை இறக்கிக் கரையடி வரை ஒரே ஆழமாகத் தோண்டினால் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடமே இல்லாமல் போகிறது. பொடிமீன் முட்டையிடுவதும் கொட்டி முளைப்பதும் அங்கேதான். தண்ணீர் எத்தனை கன அடி கூடியது என்று பலகை வைக்கிறார்கள், போனது என்ன என்று எந்தப் பலகையிலும் இல்லை.

ஏலமே கூடாது என்று நான் சொல்லவில்லை, பஞ்சாயத்துக்கும் வருமானம் வேண்டும். ஏல நிபந்தனையில் மூன்று வரி சேருங்கள், போதும்: இலுப்பைப் புண்ணாக்கு போடக் கூடாது, மடைக்குப் பக்கத்துப் பள்ளத்துத் தண்ணீரை இறைக்கக் கூடாது, கையாலும் ஊத்தாவாலும் பொடிமீன் பிடிக்கிறவரைத் தடுக்கக் கூடாது. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊரில் கொடுக்கிறவர்கள் இருந்தால் இந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர்கூடப் போட வேண்டாம்.