ஆதார் இல்லாவிட்டாலும் பிரசவம் பார்த்தாக வேண்டும்

“ஆதாரும் ரேஷன் அட்டையும் இல்லாத நடைபாதைவாசிகளுக்கு அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்க மாட்டார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பொய். ஆபத்தான பொய்யும்கூட. சென்னை பாரிமுனையில் தார்ப்பாய்க்கு அடியில், நனைந்த காகிதங்களை உலர்த்திக்கொண்டிருக்கும் நிறைமாதப் பெண் இதை நம்பினால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டாள்.

வலி கண்டதும் 108ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. எழும்பூர், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைகளில் எந்நேரமும் பிரசவம் பார்க்கிறார்கள். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டப்படி சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு எல்லாம் இலவசம்.

ஆதாரும் வங்கிக் கணக்கும் கேட்பது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு. குழப்பம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். தெரிந்த கர்ப்பிணி யாரேனும் தெருவில் வசித்தால், மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு இப்போதே அழைத்துப்போய்ப் பதிவு செய்யுங்கள். அப்போது தரும் பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும்.