“அப்படியே பொருந்தும்” என்று எழுதி பிரேக் விற்பவர்களுக்கு

மூன்று வார இறுதிகளைத் தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன். என்னுடைய 2013 சயான் எஃப்ஆர்-எஸ் கார் கராஜில் ஸ்டாண்டுகளின் மேல் முன்சக்கரங்கள் இல்லாமல் நிற்கிறது. முன்பக்க பிரேக்குக்காக நான் வாங்கிய, சுபாரு எஸ்டிஐ காரின் பழைய காலிப்பர்களும் (டிஸ்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்) டிஸ்குகளும் அடங்கிய ஒரு பெட்டியும், அதன் விளம்பரத்தில் விற்பவர் எழுதியிருந்த ஒரே ஒரு வரியும்தான் காரணம்: “உங்கள் காருக்கு அப்படியே பொருந்தும், எந்த மாற்றமும் தேவையில்லை.” காருக்குப் பாட்டுப் பெட்டி விற்பவர் இப்படி எழுதி ஏமாற்றினால் பாட்டு கேட்காமல் போகும், அதோடு முடிந்தது. பிரேக் விற்பவர் இப்படி எழுதலாமா? ஓடுகிற காரை நிறுத்துகிற பொருளுக்கு, சோதித்துப் பார்க்காமல், அளவுகூட எடுக்காமல் இந்த வரியை எழுத எப்படி மனம் வருகிறது?

சிவப்பு வண்ணம் சக்கரத்தின் இடுக்கில் பளபளக்க வேண்டும் என்பதற்காக நான் இதை வாங்கவில்லை. ஒன்டாரியோவில் பௌமன்வில் அருகே இருக்கும் மோஸ்போர்ட் தடத்தில், இப்போது கனேடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க் என்று பெயர் பெற்றிருக்கும் அந்த 3.957 கிலோமீட்டர் தடத்தில், கோடைக்கு மூன்று நான்கு நாட்கள் ஓட்டுகிறேன். ஆண்ட்ரெட்டி நேர்பாதையின் முடிவில், 8ஆம் வளைவுக்கு முன்னால், மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 130க்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரையும் சேர்த்து ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள காரில், அந்த ஒரு மிதியில் மட்டும் பத்து லட்சம் ஜூலுக்குச் சற்றே குறைவான ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அது கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அதன் பெரும்பகுதியைச் சில நொடிகளுக்குள் விழுங்குவது இரண்டு முன் டிஸ்குகள்தான். அடுத்த சுற்றில் மறுபடியும், அதற்கடுத்த சுற்றில் மறுபடியும்.

போன கோடையில் அந்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 3 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி என்று தரநிலை சொல்கிறது. ஈரப்பதத்தை உறிஞ்சிவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். எனவே முதலில் நல்ல டாட் 4 ஆயிலை மாற்றினேன், அதன் பிறகு வெப்பம் தாங்கும் பேட்களைப் போட்டேன். இவை இரண்டும் செய்த பிறகும் மூன்றாவது ஓட்டத்தில் டிஸ்குகள் வெப்பத்தைச் சமாளிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் காலிப்பரைப் பற்றி யோசித்தேன். பெரிய காலிப்பர் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று கடைகள் பரப்பும் கதையை நான் நம்பியவனும் அல்லன். பழைய பிரேக்கே ஏபிஎஸ்ஸை வேலை செய்ய வைக்கும் அளவுக்கு அழுத்துகிறது. அதற்கு மேல் காரை நிறுத்துவது டயர். எனக்கு வேண்டியிருந்தது வெப்பத்தைத் தாங்கும் கனம்.

அதற்குச் சரியான பொருள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபம் பொருளின் மீது இல்லை. எஃப்ஆர்-எஸ்ஸில் முன்பக்கம் இருப்பது இரண்டு பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பரும் 294 மில்லிமீட்டர் விட்டமும் 24 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டிஸ்கும். சுபாரு எஸ்டிஐயில் இருக்கும் பிரெம்போ நிறுவனக் காலிப்பருக்கு நான்கு பிஸ்டன். அதன் டிஸ்க் 326 மில்லிமீட்டர், தடிமன் 30. எஃப்ஆர்-எஸ் காரைக் கட்டியதே சுபாருவின் தொழிற்சாலை என்பதால், காலிப்பரைப் பிடிக்கும் இரண்டு போல்ட் துளைகளும் ஒத்துப்போகின்றன. அந்த அரை உண்மையின் மேல் ஏறி உட்கார்ந்துதான் விற்பவர்கள் முழுப் பொய்யைச் சொல்கிறார்கள். இரண்டு போல்ட் பொருந்தினால் பிரேக் பொருந்திவிட்டதாக அர்த்தமா?

பெட்டியைத் திறந்த முதல் சனிக்கிழமையே டிஸ்க், சக்கரம் மாட்டும் ஹப்பில் ஏறவில்லை. என் காரின் ஐந்து போல்ட்களும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. வந்த டிஸ்குகளின் துளைகளோ 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தன. வட அமெரிக்காவில் விற்ற எஸ்டிஐ 2004 மாடலில் 100 ஆக இருந்து, 2005இல் 114.3க்கு மாறியது. இது ரகசியம் அல்ல. சுபாரு பாகங்களைத் தொட்டுப் பழகிய எவருக்கும் தெரிந்த விஷயம். “அப்படியே பொருந்தும்” என்று எழுதியவர் ஒரு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்டதற்கு, துளையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பிரேக் டிஸ்கில் துளையைப் பெரிதாக்குவதா! அந்தப் பதிலைப் படித்தபோது கை நடுங்கியது என்றால் மிகையில்லை. இதைக் கேட்டு உண்மையிலேயே துளையைக் குடைந்து மாட்டிக்கொண்டு சாலையில் ஓடுபவர்கள் இருப்பார்களே என்ற எண்ணம்தான் என்னை இன்னும் விடவில்லை.

சரியான டிஸ்குகளை வேறிடத்தில் காசு கொடுத்து வாங்கினேன். டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை வெட்டி வளைத்த பிறகு அவை உட்கார்ந்தன. “எந்த மாற்றமும் தேவையில்லை” என்ற வரி இங்கே இரண்டாவது முறையாகச் செத்தது. மூன்றாவது சாவு சக்கரத்தில் வந்தது. என்னிடம் இருப்பவை காரோடு வந்த 17 அங்குல ரிம்கள்தான், ஆகவே இடம் போதும் என்று நினைத்தேன். விட்டத்துக்கு இடம் இருந்தது. ஆனால் ரிம்மின் ஆரக்கால்கள் உட்புறமாக வந்து காலிப்பரின் முகத்தில் இடித்தன. சுபாரு நிறுவனமே, எஃப்ஆர்-எஸ்ஸின் இரட்டையான பிஆர்இசட்டின் 2017 மாடலுக்கு பிரெம்போ தொகுப்பைக் கொடுத்தபோது அரை அங்குலம் அகலம் கூடிய ரிம்மையும் சேர்த்தே கொடுத்தது. தயாரித்தவர்களே ரிம்மை மாற்றியிருக்கும்போது, நடுவில் நின்று விற்பவருக்கு அதை ஒரு வரியில் சொல்ல என்ன தடை? இடைவெளிக்கு ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகட்டை வைத்தால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்பேசர் வைக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வீல் நட் பிடிக்கும் மரை அவ்வளவு குறைகிறது. அதனால் அந்த நட் ஏறும் ஸ்டட்டை நீளமானதாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதைச் சொல்வதற்கு மட்டும் எவருக்கும் வாய் வருவதில்லை.

குளிர்கால டயர்களைப் பற்றி நினைத்தால் கோபம் இரட்டிப்பாகிறது. இங்கே குளிர்காலத்துக்கென்று தனி ரிம்மில் தனி டயர் வைத்திருப்பது பலருக்கும் வழக்கம். என்னுடையவை 16 அங்குலம். பிரெம்போவின் மேல் 16 அங்குல ரிம் ஏறவே ஏறாது. ஆரக்கால்கூட அல்ல, ரிம்மின் வளையமே இடிக்கிறது. ஆக, ஒரே ஒரு பருவம் மட்டும் ஓடிய நான்கு குளிர்கால டயர்கள், ரிம்களோடு சேர்ந்து, கராஜின் மூலையில் பயனற்றுக் கிடக்கின்றன. காலிப்பரின் விலை என்று விளம்பரத்தில் போட்டிருந்த தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கானது இப்படித்தான்.

இதையெல்லாம்கூடப் பணத்தோடு போன நஷ்டம் என்று விழுங்கிக்கொள்வேன். விழுங்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. “முழுமையாகச் சோதிக்கப்பட்டது” என்று வந்த காலிப்பர்களில் ஒன்றின் ஏர் எடுக்கும் நிப்பிள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு, அசையவே இல்லை. அலுமினிய உடம்பில் எஃகு நிப்பிள். சாலையில் கொட்டும் உப்பில் பல குளிர்காலங்களைக் கடந்த பொருள். இரண்டு உலோகங்களும் அரித்துக் கட்டிக்கொண்டிருந்தன. நிப்பிளைத் திறந்து பார்க்காமல் எதைச் சோதித்தார்கள்? வண்ணத்தை மட்டும் புதிதாக அடித்திருந்தார்கள். பிஸ்டனின் ரப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்ததை அந்தச் சிவப்பு மறைத்திருந்தது. நானே வலுவாகத் திருகினால் நிப்பிள் உடைந்துவிடும் என்று பயந்து, காரையும் காலிப்பர்களையும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைத்தேன். நிப்பிளைக் கழற்றி, உறையை மாற்றி, காலிப்பர்களை மாட்டி, ஏர் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். தந்தார்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. கேட்டால், புதுப் பேட் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

பேட் பழகாவிட்டால் பிடி குறையும். பெடல் பஞ்சாக அமுங்காது. பெடல் பஞ்சாக இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவைத் தாண்டாமல் திரும்பி வந்து, காரை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் இழுவை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது நிப்பிள்கள் கீழ்ப்பக்கம் இருந்தன. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள்! காற்று மேலே போகும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஆயிலை ஊற்றி எடுத்தாலும் மேலே தேங்கிய காற்று வெளியே வராது. அதோடு நிற்கவில்லை. இந்தக் காலிப்பரில் பிஸ்டன்கள் ஒரே அளவு அல்ல. 40 மில்லிமீட்டரும் 46 மில்லிமீட்டரும். டிஸ்க் நுழையும் பக்கம் சிறியதும் வெளியேறும் பக்கம் பெரியதும் இருந்தால்தான் பேட் சீராகத் தேயும். மாற்றி மாட்டினால் பேட் ஒரு பக்கமாகச் சரிந்து தேயும்.

தெரியாமல் செய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். பெட்டியில் இடது, வலது என்று ஓர் எழுத்துகூட இல்லை, ஒரு தாள்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்குத் தாள் தேவையா? என் மகளைப் பள்ளியில் இறக்கிவிடும் கார் இது. அன்று எனக்குக் கொஞ்சம் அவசரம் இருந்து, பேட் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி, அப்படியே 401 நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

விற்கிறவர்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. டிஸ்கின் போல்ட் வட்டம் எவ்வளவு என்று எழுதுங்கள். ரிம்மின் உட்புறம் எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஒரு அட்டை வடிவத்தை வரைந்து போடுங்கள். அதை வெட்டிச் சக்கரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். பழைய பொருள் என்றால் நிப்பிள்களைத் திறந்து மூடிய பிறகு விற்பனைக்கு வையுங்கள். இடது, வலது என்று ஒரு பேனாவால் எழுதிவிடுங்கள். ஹோஸ் இணைப்பில் வைக்கும் செம்பு வாஷர்கள் உள்ளே இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். என் பெட்டியில் அவையும் இல்லை. இவை எதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

நேற்றிரவு காலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டினேன். புது வாஷர்கள் வந்துவிட்டன, போல்ட்களை டார்க் ரென்ச் வைத்து முறுக்கியாயிற்று. நாளை மனைவி பெடலை மிதிக்க, ஒவ்வொரு காலிப்பரிலும் இரண்டு நிப்பிள்கள் வழியாகவும் ஏர் எடுக்க வேண்டும். பெடல் கல் மாதிரி நிற்கும்வரை அந்தக் கார் கராஜ் கதவைத் தாண்டாது.